காட்டை முறைப்படி எரிப்பது எப்படி?

ஒரு காட்டைக் கொளுத்தத் தீப்பெட்டி போதும் என்று நினைப்பவர் கற்றுக்குட்டி. ஹெலிகாப்டரை வரவழைக்கும் அளவுக்கு ஒரு புலிகள் காப்பகத்தை எரியவைக்கச் சட்டம் வேண்டும், கோப்பு வேண்டும், நாற்பது வருடப் பொறுமையும் வேண்டும். கர்நாடக வனத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, தீயைத் தெரிந்தவர்களை அப்புறப்படுத்துவது. பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர் என்ற பழங்குடியினர் இருந்தார்கள். கோடை முற்றுவதற்கு முன்பே தரைச்சருகுக்கு மட்டும் தீ வைப்பார்கள். அதற்குத் 'தரகு பெங்கி' என்று பெயர். தாழ எரிந்து அணைந்துவிடும். களைக்கன்றுகள் கருகும், நெல்லி மரத்துப் புல்லுருவி மட்டுப்படும், மழை விழுந்ததும் புதுப்புல் வரும். இப்படிப்பட்ட ஆபத்தான ஆட்களை விட்டுவைக்கலாமா? 1972இல் வனவிலங்குச் சட்டம், 1974இல் சரணாலயம். அதன்பின் சருகில் தீ வைத்தால் வழக்கு.

இரண்டாவது வேலை, விறகு சேர்ப்பது. இதற்கு உண்ணிச்செடியை மிஞ்சிய தொண்டன் இல்லை. வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்கென்று கொண்டுவந்தது, இன்று ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கிறது. மரத்தில் தொற்றி ஏறி, தரைத்தீயை உச்சிக்கிளைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். தீயை நிறுத்திய பிறகுதான் இது பெருகியது என்று சோளகர்கள் சொன்னார்கள். ஆய்வாளர்கள் அதைக் கேட்டு எழுதியும் வைத்தார்கள். ஆனால் சோளகரிடம் சீருடை உண்டா, முத்திரை உண்டா?

மூன்றாவது வேலை, சும்மா இருப்பது. 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தில் பலன் கிடைத்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் சாம்பலானது. விமானப்படை ஹெலிகாப்டர் வாளி கட்டி வந்து தண்ணீர் ஊற்றியது. கொளுத்தியவன் யார் என்று தேடினார்கள். இத்தனை வருடமாக விறகு அடுக்கிக் கொடுத்தவர்களை மட்டும் யாரும் தேடவில்லை.

வானத்தில் ஹெலிகாப்டர், கீழே தீக்கு முன்னால் நின்றது யார்? வனக்காவலரும் தினக்கூலித் தீக்காவலரும்தான். கையில் ஒரு கொத்துப் பச்சைத்தழை. புகையில் கண் எரிய எரிய, அதைக் கொண்டு அடித்தே அணைக்க வேண்டும். 2017இல் அதே பந்திப்பூரில் ஓர் இளம் வனக்காவலர் தீயில் கருகிச் செத்தார். பழங்குடித் தாத்தா வைத்த சருகுத்தீ குற்றம். அது நின்றுபோனதால் மூளும் பெருந்தீயை அணைக்கப் பேரனுக்குக் கூலி, அதுவும் கோடை முடியும்வரைதான்!

வனத்துறை தீயே வைக்காதா என்றால், ஒவ்வொரு வருடமும் வைக்கிறது. சாலையோரம் தீத்தடுப்புக் கோடு போட்டு எரிக்கிறது. காக்கி வைத்தால் அறிவியல், கோவணம் வைத்தால் சதி!

2011இல் சோளகரின் வன உரிமையை அரசே ஏற்றது. தேன் எடுக்கலாம், நெல்லி பறிக்கலாம். அந்த நெல்லியைக் காப்பாற்றிய தீயை மட்டும் தொடக்கூடாது.

இனி எந்த அதிகாரியாவது 'இயற்கைப் பேரிடர்' என்று அறிக்கை விட்டால், அந்தக் காட்டில் கடைசியாகச் சருகு எரித்தது எந்த வருடம், அதை நிறுத்திய உத்தரவில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.