கொஞ்சம் பின்னாடி போய் நில்லுங்க

வண்டிக்கு வாங்கிப் போடுகிற சாமான்களில், வாங்கியவர் உட்கார்ந்து ரசிக்க முடியாதது பிரேக் விளக்கு. ஹாரன் வாங்கினால் காது குளிரக் கேட்கலாம். சீட் கவர் மாற்றினால் அதன் மேலேயே உட்காரலாம். பிரேக் விளக்கு எரியும்போது மட்டும் அவர் கால் பெடலில் இருக்கும், கண் ரோட்டில் இருக்கும். விளக்கோ பன்னிரண்டு அடி பின்னால் ஊராருக்காக எரிந்துகொண்டிருக்கும். தன் லோடு வண்டிக்குத் தன் கையாலேயே எல்ஈடி பிரேக் விளக்கு போட்டுக்கொள்ளும் மனிதர் எந்நேரமும் ஆள் தேடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம் போனால் இவரைப் பார்த்துவிடலாம். கேரளாவுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்ற நிற்கிற வண்டிகளில், எதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ அது இவருடையது. 2005-இல் டாடா ஏஸ் வந்து, ஊர் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்து, பின்னாலேயே தோஸ்த்தும் பொலேரோ பிக்கப்பும் பெருகியதில், ஒற்றை ஆள் முதலாளிகள் நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். அவரே முதலாளி, அவரே டிரைவர், கூலி ஆள் வராத நாளில் அவரே மூட்டை தூக்குகிறவர். அப்படிப்பட்டவர் எலக்ட்ரீஷியனாகவும் ஆவதற்கு ஒரு யூடியூப் வீடியோவும் ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்பும் போதும்.

நம்மாள் ஒயரைப் பல்லால் உரிப்பவர். இடுக்கி டூல்ஸ் பெட்டியில் இருக்கும். ஆனால் பெட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பல் வாயிலேயே இருக்கிறது. ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. “அவனுக என்ன பண்ணுவானுக? எர்த் சரியில்லைம்பானுக, ஐந்நூறு வாங்கிக்குவானுக” என்பார். எதைக் காட்டினாலும் இவரும் முதலில் சொல்வது எர்த் சரியில்லை என்றுதான். காசு வாங்குவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டு மிக்ஸி நின்றால் எர்த். மச்சான் போன் எடுக்காவிட்டாலும் எர்த்.

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். விளக்கு விஷயத்தில் ஆள் சொல்வது நியாயம்தான். இந்த வண்டிகளில் பின்விளக்குகள் தொட்டிக்குக் கீழே, சேறு அடிக்கிற உயரத்தில் இருக்கின்றன. நீளமான பைப் ஏற்றிப் பின்கதவைத் தொங்கவிட்டால் சில வண்டிகளில் விளக்கே மறைந்துபோகும். பின்னால் வருகிற லாரிக்காரர் உட்கார்ந்திருப்பதோ மாடி உயரத்தில். அவர் கண்ணுக்கு நேராக, கம்பிக் கூண்டின் உச்சியில் ஒரு விளக்கு வைத்தால் என்ன என்பது நம்மாளின் கேள்வி. இதற்குச் சரித்திர ஆதாரமும் கைவசம் வைத்திருக்கிறார். 1974-இல் ஜான் வோவோட்ஸ்கி என்கிற உளவியல்காரர் சான்பிரான்சிஸ்கோ டாக்சிகளுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கை மாட்டிப் பார்த்தார். பின்னால் வந்து மோதுவது பாதிக்கும் மேல் குறைந்தது. அமெரிக்காவில் 1986 மாடலிலிருந்து கார்களுக்கும் 1994 மாடலிலிருந்து பிக்கப் வண்டிகளுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு, தலையில் தக்காளிப் பெட்டியோடு நிற்கிற லோடுமேனிடம் சொல்வார்.

“சாதா பல்பு கம்பி சூடேறி முழுசா எரியறதுக்கு ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு ஆகுது. எல்ஈடிக்கு அந்த நேரமே கிடையாது. பின்னாடி அறுபதுல வர்றவன் அதுக்குள்ள மூணு மீட்டர் வந்துடுவான். மூணு மீட்டருங்கறது என்ன?”

“பெட்டியை எங்கீங்ணா வைக்கிறது?” என்பார் லோடுமேன்.

செய்முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற பிவிசி கேசிங் பட்டி ஒன்று, அதற்குள் சிவப்பு எல்ஈடி ஸ்ட்ரிப், மேலே மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க சிலிக்கான். ஸ்ட்ரிப்பை நினைத்த இடத்தில் வெட்டக் கூடாது. மூன்று எல்ஈடிக்கு ஒரு ரெசிஸ்டர் என்று கோத்திருப்பதால் மூன்று மூன்றாகத்தான் வெட்ட வேண்டும். பெடலுக்கு மேலே இருக்கிற ஸ்விட்ச்சிலிருந்து பின்னால் போகும் பிரேக் ஒயரைக் கண்டுபிடித்துக் கொக்கி போட்டால் வேலை முடிந்தது. முதல் தடவை அவர் கொக்கி போட்டது டெயில் லைட் ஒயரையும் சேர்த்து. அன்றைக்கு ராத்திரி பழனி வரைக்கும் உச்சி விளக்கு அணையவே இல்லை. பின்னால் வந்த வேன்காரர் இவர் இதோ நிற்கப்போகிறார், இதோ நிற்கப்போகிறார் என்று பத்து மைல் பிரேக்கிலேயே காலை வைத்து வந்து, பழனி பைபாஸில் வண்டியை மறித்து இறங்கி இவர் குலத்தைப் பற்றி விசாரித்தார். நம்மாள் கோபப்படவில்லை. “வெளிச்சம் எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டார்.

கஷ்டம் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பம். விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். எப்படி எரிகிறது என்று சொல்ல இன்னும் நல்ல ஆள் வேண்டும்.

“ஏ புள்ள, கொஞ்சம் பின்னாடி போய் நில்லு.”

அடுப்பில் தோசையைப் போட்டுவிட்டுக் கையில் கரண்டியோடு மனைவி வந்து நிற்பார்.

“எரியுதா?”

“எரியுதுங்க.”

“இப்ப?”

“இல்லீங்க.”

“இப்ப?”

“எரியுதுங்க. தோசை தீயுது, நான் போகட்டுமா?”

“எப்படி எரியுது, அதைச் சொல்லு.”

“சிவப்பா எரியுதுங்க.”

“சிவப்பா எரியாம பச்சையாவா எரியும்?”

பையன் டியூஷனுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி ஒரு தடவை, ஓட்டுக் கேட்டு வந்தவர் ஒரு தடவை என்று எல்லோரும் அந்த வண்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறார்கள். மகளைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தி வந்தபோது அவரையும் விடவில்லை. “மாமா, பக்கத்துல பாத்தா தெரியாது, தெருமுக்குல போய் நின்னு பாருங்க” என்று அனுப்பிவிட்டுப் பெடலை மிதித்தார், எடுத்தார், மிதித்தார். நடுவில் ஒரு ஒயர் கழன்றதால் வண்டிக்கு அடியில் போய்விட்டார். ராத்திரி பந்திக்கு இலை போடும்போதுதான் ஒரு இலை காலியாக இருப்பது தெரிந்தது. தெருமுக்கில் சம்பந்தி அப்படியே நின்றுகொண்டிருந்தார். பெண் எடுத்தவர்களே இப்படி நின்று பார்க்கிறார்களே என்று தெருவில் நாலு பேர் அவருக்குத் துணையாகவும் நின்றிருந்தார்கள்.

மனிதர்களை நம்பிப் பயனில்லை என்று ஆனபின் நம்மாள் கண்ணாடிகளை நாடினார். ஜவுளிக்கடை முன்கண்ணாடிக்கு வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்திப் பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்ப்பார். செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டு ஓடிவருவார். கடைசியில் கண்டுபிடித்தது துடைப்பக்கட்டை. பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் அதை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் பின்னால் வந்தால், தன் விளக்கைத் தானே பார்க்கலாம். முதல் நாள் அப்படிப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது, கட்டையை எடுக்க மறந்து போய்ப் படுத்துவிட்டார். விடிய விடிய விளக்கு எரிந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கீழே இருந்த இரண்டு பழைய பல்புகளையும் அவர் எல்ஈடியாக மாற்றியிருந்ததுதான் காரணம். பழையது ஒன்றுக்கு 21 வாட். இரண்டும் ராத்திரி முழுக்க எரிந்திருந்தால் பேட்டரி படுத்திருக்கும். மறதியில் நடந்த இந்தக் காரியம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பரிசோதனை ஆகிவிட்டது. “வேணும்னேதான் விட்டுப் பாத்தேன்” என்றார்.

ஐந்து மீட்டர் சுருளில் வண்டிக்குப் போனது ஒரு மீட்டர். மிச்சத்தைத் தூக்கிப் போட மனம் வருமா? பழைய மோடத்தின் அடாப்டர் ஒன்று கிடைத்தது. சாமி படத்தைச் சுற்றிக் கொஞ்சம், டிவிக்குப் பின்னால் கொஞ்சம், மாட்டுக்கொட்டகையில் மீதி. “வீடு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வார்டு மாதிரி இருக்குதுங்க” என்று மனைவி சொன்னதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். மாடு இரண்டு நாள் கொட்டகைக்குள் போகவில்லை. அடுத்து இன்டிகேட்டரையும் எல்ஈடிக்கு மாற்றினார். லோடு குறைந்ததும் பழைய பிளாஷர் பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. “ஃபாஸ்ட்டா அடிச்சா நல்லதுதானே, எல்லாரும் கவனிப்பாங்க” என்று அதையும் அப்படியே விட்டுவிட்டார்.

வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டிவிட்டதால் வருஷா வருஷம் எஃப்.சி. பார்க்க வேண்டும். மற்றவர்கள் அன்றைக்கு வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு போவார்கள். நம்மாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். யோசித்துப் பாருங்கள், சர்க்கார் சம்பளம் வாங்குகிற ஒருவர் தானாக வந்து வண்டிக்குப் பின்னால் நின்று “பிரேக்கை மிதி” என்று சொல்கிற நாள்.

மிதித்தார்.

“எரியுதுங்களா சார்?”

“ம்.”

“எப்படிங்க சார் எரியுது?”

“அடுத்த வண்டி!”

அந்த வாரம் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

போன மாதம், பொள்ளாச்சிக்குத் தக்காளி ஏற்றிப் போகும்போது மடத்துக்குளம் தாண்டி ஒரு பிக்கப் பின்னாலேயே வந்தது. ஹாரன் அடித்தது, லைட் போட்டது, பக்கத்தில் வந்து சமமாக ஓடியது. ஓட்டி வந்த பையன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

“அண்ணா! உச்சி விளக்குல நடுவுல மூணு எரியலைங்ணா!”

நம்மாள் அப்படியே ஓரங்கட்டினார். எத்தனையோ பேர் பின்னால் நின்றிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தவன் இவன் ஒருத்தன்தான். இரண்டு வண்டியும் டீக்கடை ஓரம் நின்றன. பையன் தன் வண்டியிலிருந்து டெஸ்டர் எடுத்துவந்தான். வாயில் வைத்து ஒயரை உரித்தான். பார்த்த நம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து வியாபாரி மூன்றாவது தடவையாகப் போன் அடித்துக்கொண்டிருந்தார்.

“எர்த்தா இருக்கும் தம்பி” என்றார் நம்மாள்.

“எர்த்துன்னா மொத்தமும் போயிருக்கும்ணா. இது ஸ்ட்ரிப்புல மூணு சேந்த பீஸ், ரெசிஸ்டர் போயிருக்குது” என்றான் பையன். “நீங்க பெடலை மிதிச்சுக்கிட்டு உக்காருங்க, நான் பின்னாடி நிக்கிறேன்.”