பலவேலைப் படலம்: கிறிஸ்துமஸ் காலப் படைப்பாளி குறித்த ஓர் ஆய்வு

ஒரே ஆள் ஒரே மாதத்தில் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, நாடகம் எழுதி, மலருக்குக் கட்டுரை தந்து, இடையில் ஒரு நாவலையும் தூக்கி வைத்துக்கொள்வது ஏன்? மார்கழிக் கச்சேரிகளைப் பற்றி எழுதிக் குவித்த நம் அறிஞர்கள், அதே மார்கழியில் பாளையங்கோட்டையில் ஆல்டோவும் டெனரும் படுகிற பாட்டை ஏறிட்டும் பார்த்ததில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: ஒரு சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரம். மாதிரி அளவு: ஓர் ஆள். அவர் பள்ளிக்கூட வாத்தியார், கொயர் மாஸ்டர், சிறுகதையும் எழுதுவார். பெயர் வேண்டாம், அவர் இல்லாத கோவில் திருநெல்வேலிப் பக்கம் கிடையாது. இனி 'நம்மவர்' என்றே குறிப்போம்.

இந்தப் பலவேலை நோய் தொற்றும் இடம் கோவில் வாசல். காலம் அக்டோபர். ஆராதனை முடிந்து நம்மவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தோளில் கை போடுவார். "அண்ணே, இந்த வருசம் கீத ஆராதனைக்குப் புதுசா ஒரு பாட்டு போட்ருங்க." கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் கிடக்கிறது, சரி என்கிறார். அடுத்த வாரம் ஓய்வுநாள் பள்ளி அக்கா: "தம்பி, பிள்ளைகளுக்கு ஒரு நாடகம். சின்னதாப் போதும்." சரி. சேகர மலருக்குக் கட்டுரை கேட்பவர் போதகர் ஐயரே. அவரிடம் வேறென்ன சொல்ல முடியும்? சென்னைப் பத்திரிகை ஒன்று பொங்கல் மலருக்குக் கதை கேட்கிறது. பொங்கல் ஜனவரியில்தான், ஆனால் கதை டிசம்பர் நடுவில் போய்ச் சேர வேண்டும். இவை போக ஒரு நாவல். அதை யாரும் கேட்கவில்லை.

இந்நிலையை விளக்க இலக்கணம் இல்லாததால் நாமே ஒரு நூற்பா செய்ய நேர்ந்தது:

கேட்டார்க் கெல்லாம் சரியெனச் சொன்னோன்
பாட்டும் உரையும் நாடகப் பிரதியும்
ஒருங்குடன் தொடங்குவன் ஒன்றும் முடியான்
முடிப்பது கேளா ஒன்றே என்ப.

உரை: 'கேளா ஒன்று' என்றது நாவலை. 'என்ப' என்றதனால் இது ஆன்றோர் துணிபு என்க. ஆன்றோராவார் பின்வரிசையில் பேஸ் பாடும் மாமாமார்.

ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுவே. நம்மவரின் வேலைகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதாக நினைப்பது தவறு. ஒன்றுக்குப் பயந்து ஓடி ஒளியும் இடம் மற்றொன்று. பாட்டின் சரணம் வராத இரவில் நாடகத்தில் இரண்டு காட்சி முடிந்துவிடுகிறது. நாடகத்துக்குத் தேதி நெருங்கினால் பொங்கல் மலர்க் கதை ஓடுகிறது. எல்லாத் தேதியும் கழுத்தில் வந்து நிற்கும் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நாவல் பிய்த்துக்கொண்டு வளர்கிறது. "யாரும் கேக்காத நாவல இப்ப எதுக்கு எழுதுதிய?" என்று நம்மவரின் மனைவி, நமக்கு மதினி, கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஆய்வுக்கு உதவாது.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டா? முதலில் லைப்சிக். அங்கே இசையமைப்பாளர் பாக் பணியாற்றிய காலத்தில், அட்வென்ட்டின் இரண்டாம் ஞாயிறு முதல் கிறிஸ்துமஸ் வரை கோவிலில் வாத்தியங்களோடு காண்டாட்டா பாடும் வழக்கம் இல்லை. அந்த ஓய்ந்த வாரங்களில் மனுஷன் உட்கார்ந்து எழுதலாம். நம் சேகரத்தில் அட்வென்ட் ஞாயிறு நான்குக்கும் நான்கு விசேஷப் பாட்டு. ஆக, ஓய்வு வாரங்கள் போயின, வேலை மட்டும் வந்து சேர்ந்தது.

அந்த வசதி இருந்தும் பாக் எல்லாவற்றையும் புதிதாக எழுதவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1734 டிசம்பர் 25 தொடங்கி 1735 ஜனவரி 6 வரை ஆறு பகுதிகளாகப் பாடப்பட்ட அவருடைய கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவின் தொடக்கக் கோரஸ், முந்திய வருடம் அரசியின் பிறந்தநாளுக்குப் போட்ட மெட்டு. இதைவிடச் சுவையானது தாலாட்டு. சாக்சனி இளவரசனின் பிறந்தநாளுக்காக 1733இல் எழுதிய காண்டாட்டாவில், ஹெர்குலிஸை வழிதவறச் செய்ய வந்த சிற்றின்பம் என்ற பாத்திரம் அவனுக்குத் தாலாட்டுப் பாடுகிறது. அதே தாலாட்டைச் சுருதி இறக்கி, சொப்ரானோவிடமிருந்து வாங்கி ஆல்டோவிடம் கொடுத்து, பாலன் இயேசுவைத் தூங்க வைத்துவிட்டார் பாக். பாவம் பாடிய மெட்டு முன்னணைக்கு வந்ததை யாரும் குறை சொல்லவில்லை. திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) குறவஞ்சி என்ற பழகிய கூட்டில்தானே பெத்லகேமைக் குடியேற்றினார். எனவே போன வருட மெட்டில் இந்த வருடச் சொற்களைப் போடுவது குற்றமன்று. கண்டுபிடிப்பவர்கள் பேஸ் மாமாக்கள் மட்டுமே; அவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தால் போதும்.

இரண்டாம் சான்று டிக்கன்ஸ். 'மார்ட்டின் சஸில்விட்' மாதாமாதம் வந்துகொண்டிருக்கையில், 1843 அக்டோபரில் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' தொடங்கி, சுமார் ஆறு வாரத்தில் முடித்தார். டிசம்பர் 19இல் வெளிவந்து கிறிஸ்துமஸுக்குள் 6000 படிகள் விற்றன. அதன் ஐந்து அத்தியாயங்களுக்கும் இசையிலிருந்து எடுத்து 'ஸ்டேவ்' என்று பெயரிட்டார். பாட்டும் கதையும் ஒரே மேசையில் கிடந்தால் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். நம்மவரின் பொங்கல் மலர்க் கதாநாயகிக்குத் திடீரென்று நான்கு குரலில் பாடத் தோன்றுவதும் இதனால்தான். ஆனால் நம்மவர் மேற்கோள் காட்டாத இன்னொரு டிக்கன்ஸ் இருக்கிறார். 1847இல் 'டாம்பி அண்ட் சன்' கழுத்தை நெரித்தபோது, அந்த வருடக் கிறிஸ்துமஸ் புத்தகத்தை அப்படியே நிறுத்தி, அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை.

கொயர் மாஸ்டர்கள் குலதெய்வம்போல் கும்பிடுவது இவர்கள் இருவரையுமன்று, ஃபிரான்ஸ் குரூபரை. ஆஸ்திரியாவில் பள்ளி ஆசிரியர், ஆர்கனும் வாசிப்பார். 1818 டிசம்பர் 24 அன்று மெட்டுப் போட்டு அன்று இரவே ஓபெர்ண்டார்ஃப் கோவிலில் பாடிய 'சைலன்ட் நைட்' உலகெங்கும் போனது. "கடைசி நாள்லதாம்ல நல்ல மெட்டு வரும்" என்ற தத்துவம் இங்கிருந்தே கிளம்பியது. இதை மறுத்தாக வேண்டும். பாட்டின் வரிகளை ஜோசப் மோர் பாதிரியார் 1816லேயே எழுதி வைத்திருந்தார். பாடியவர்கள் இரண்டு குரல். துணைக்கு ஒரு கிடார். நம்மவருக்கு வரியே இன்னும் வரவில்லை, குரல் நான்கு, சால்ஃபா இசைக்குறி எழுதி ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை.

நாடகத்தைப் பற்றித் தனி நூலே எழுதலாம். இங்கே பிரச்சினை இலக்கியம் அன்று, பிள்ளைகளின் எண்ணிக்கை. எல்லாப் பிள்ளைக்கும் வேஷம் வேண்டும், எல்லா வேஷத்துக்கும் வசனம் வேண்டும். நல்லவேளையாக வேதம் தாராளமாக இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கும் சொல்லவில்லை. எத்தனை பேரையும் ஏற்றலாம், காணிக்கைதான் மூன்று. லூக்காவில் சத்திரத்தில் இடமில்லை என்றிருக்கிறதே தவிர, சத்திரக்காரன் என்று ஒருவனே இல்லை. இல்லாத சத்திரக்காரனுக்கு மனைவியும் மச்சானும் சேர்த்தால் மேலும் இரண்டு பிள்ளைகள் கரையேறும். பிறகும் மிஞ்சினால் ஆடுகள். ஆட்டுக்கும் வசனம் கேட்கும் தாய்மார் உண்டு. அது இறையியல் துறை சார்ந்த சிக்கல், விட்டுவிடுவோம்.

கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கியதும் ஆய்வுப் பொருள் கைக்கு எட்டாமல் போகிறது. இரவெல்லாம் வீடு வீடாகப் பாட்டு, வீட்டுக்கு வீடு கேக், முறுக்கு, காபி. விடியும்போது டெனருக்குக் குரல் போயிருக்கும். மறுநாள் பயிற்சிக்கு வரும் கொயர் வாயசைக்கும், சத்தம் வராது. நான்கு குரலுக்கு எழுதிய பாட்டு கடைசியில் இரண்டு குரலிலும் கீபோர்டிலும் ஒப்பேறிவிடுகிறது. குரூபர் வழிக்கே வந்து சேர்ந்தோம் என்று நம்மவர் மகிழ்வது கணக்கில் கொள்ளத்தக்கதன்று.

மருந்து ஒன்றுதான்: 1847 டிக்கன்ஸ்போல் ஒன்றைக் கைவிட வேண்டும். எதை? நாடகத்தைக் கைவிட்டால் பிள்ளைகள் அழும். நாவலைப் பிடுங்கினால் ஒளிய இடமின்றி மற்ற வேலைகளும் நின்றுபோகும். என் தீர்ப்பு, மலர்க் கட்டுரை. போன வருடக் கட்டுரையைத் தலைப்பு மாற்றி மறுபடி போடலாம். மலரில் குடும்பப் போட்டோவைத் தவிர வேறெதையும் பார்க்காத வாசகருக்கு அது புதுக் கட்டுரைதான்.

சேகரத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். கிறிஸ்துமஸ்தோறும் நாம் அல்லேலூயா கோரஸ் பாடுகிற 'மேசியா'வை ஹாண்டல் எழுதியது 1741 ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 14 வரை. முதலில் பாடப்பட்டது 1742 ஏப்ரல் 13, டப்ளினில். டிசம்பருக்கு அதில் வேலையே இல்லை. ஆகவே அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பாட்டு வேண்டுமென்றால் லெந்து நாட்களிலேயே வந்து கேளுங்கள். கோவில் வாசலில் மடக்க வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள், மதினி இருக்கும்போது வாருங்கள். அண்ணனுக்குச் 'சரி' என்று மட்டுமே சொல்ல வரும். மதினிக்கு 'முடியாது' என்றும் சொல்ல வரும்.