திருநிறைசெல்வி

தங்கச்சிக்கு நிச்சயமானதும் வீட்டில் வேலை பிரித்தார்கள். நகை அம்மாவுக்கு, மண்டபம் அப்பாவுக்கு, சாப்பாடு மாமாவுக்கு. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்பதால் கல்யாணக் கார்டு எனக்கு. முப்பத்தாறு வயதாகியும் கல்யாணமாகாத அண்ணனைச் சும்மா விட்டால், வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே செத்துப்போவான் என்ற இரக்கமும் இருந்திருக்கலாம்.

கடையில் அடுக்கியிருக்கும் கார்டில் பெயரை மட்டும் அடித்து வாங்குவது எனக்குக் கேவலமாகப் பட்டது. கண்டிக் கல்யாணத்தில் கண்டி தெரிய வேண்டாமா? வாவியைச் சுற்றியிருக்கிற மேகச் சுவரை, சிங்களத்தில் வலாகுளு பம்ம என்பார்களே அதை, கார்டின் நாலு பக்கமும் ஓரமாக வரைந்தேன். அலை அலையாக வளைவு, நடுநடுவே விளக்கேற்றும் முக்கோண மாடங்கள். மூன்று ராத்திரி வேலை.

அத்தை கையில் வாங்கிப் பார்த்தாள். "ஏன்டா ஓரமெல்லாம் பல்லுப் பல்லா இருக்கு?"

மாமா ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். அவருக்குப் பல் பிரச்சினை இல்லை. "ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ல வாவிய கட்டுனான். இந்தச் சுவர் முடியிறதுக்குள்ள, 1815ல வெள்ளக்காரன் ஆளையே புடிச்சிட்டான். இன்னைக்கும் சுவர் அரைகுறையாத்தான் நிக்குது. அரைகுறையா நின்னத கொண்டுபோயா கல்யாணக் கார்டுல போடுவ?"

அதோடு சுவர் இடிந்தது. பதிலுக்கு வாழைமரம், குத்துவிளக்கு, பிள்ளையார். கடையில் கிடைக்கும் அதே கார்டை என் கையால் இன்னும் மூன்று ராத்திரி வரைந்தேன்.

அடுத்து வாசகம். 2024 சித்திரையில் பிறந்தது குரோதி வருடம். குரோதி என்றால் கோபக்காரன். 'நிகழும் மங்களகரமான குரோதி வருடம்' என்று தட்டும்போதே விரல் தயங்கியது. "வருஷத்த மாத்த முடியாதாண்ணா?" என்றாள் தங்கச்சி. முடியும், அடுத்த சித்திரை வரைக்கும் காத்திருந்தால் விசுவாவசு. ஆனால் காத்திருப்பது என்ற பேச்சையே எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. காத்திருந்தவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகுதான் அம்மா அந்தச் சொல்லைச் சொன்னாள். "திருநிறைச்செல்வின்னு போடு."

வீட்டில் கல்யாணத்துக்கு இன்னும் பிள்ளைகள் இருந்தால் திருவளர், கடைசிக் கல்யாணம் என்றால் திருநிறை. இதுதான் மரபு.

"கடைசிப் பிள்ளதானே?" என்றாள்.

"கடைசிப் பிள்ளை சரிம்மா. கடைசிக் கல்யாணமா?"

அப்பா வீரகேசரியில் பக்கத்தைத் திருப்பினார். அது மரண அறிவித்தல் பக்கம். மாமா மட்டும் பேனாவை எடுத்து, "வினைத்தொகையில ஒற்று மிகாது" என்று 'ச்'சை வெட்டினார். ஒற்றைக் கவனித்தவர், ஒற்றையாக உட்கார்ந்திருந்த என்னைக் கவனிக்கவில்லை.

பெண்ணோடு பிறந்தவனுக்கு இதே கண்டியில் ஒரு காலத்தில் எவ்வளவு மரியாதை! 1739ல் ராஜா நரேந்திரசிங்கன் பட்டத்துக்குப் பிள்ளையில்லாமல் இறந்தபோது, மதுரைப் பக்கமிருந்து வந்த ராணியின் சகோதரன்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கனாகச் சிம்மாசனம் ஏறினான். நான் சிம்மாசனமா கேட்டேன்? ஒரு 'வளர்' கேட்டேன்.

அச்சகத்துக்கு நானே போனேன். அங்கே டிசைன் செய்கிற சிங்களப் பையனை நான் மல்லி என்பேன், அவன் என்னை அய்யே என்பான்; தம்பி, அண்ணன் என்று அர்த்தம். மல்லிக்குத் தமிழ் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது, ஆனால் கைவேலை சுத்தம். நான் வீட்டில் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பியிருந்தேன். பாமினி என்பது இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிடுகிற ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் சட்டை கழன்றுவிடும். மல்லியின் திரையில் 'திருமண' என்ற இடத்தில் ஜே, பி, யூ, கே, இசட் என்று நின்றது.

"அய்யே, இது பாஸ்வேர்டா?" என்றான்.

எழுத்துருவைப் போட்டுக்கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தேன். சரிபார்க்கிற சாக்கில் 'நிறை'யை அழித்து 'வளர்' என்று தட்டினேன். மல்லிக்கு இரண்டும் ஒன்றுதான். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். அன்றைக்கு மஹியாவ ஏற்றத்தில் நடந்தே போனேன், மூச்சு வாங்கவில்லை.

நானூறு கார்டு கட்டுக்கட்டாக வந்தது. பிரித்தேன். திருநிறைசெல்வி.

மல்லிக்குப் போன் போட்டேன். "அம்மா கதைச்சாங்க அய்யே. நீங்க ஏதாவது மாத்தியிருப்பீங்க, பழையதையே அடிக்கச் சொன்னாங்க."

முதல் கார்டு பிள்ளையாருக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கட்டுக்கலை செல்வ விநாயகர் கோவிலுக்குக் கொண்டுபோனேன். குருக்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"தம்பி, பொண்ணுக்குத் தம்பியா?"

"அண்ணன், சாமி."

ஒன்றும் சொல்லவில்லை. விபூதியை மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக அள்ளிக் கொடுத்தார்.