குட்டியானைக்கு இடிச்சாமி பேரு

ஏப்பா பேராண்டி, பரவை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்துற குட்டியானைக்குத் 'தோர்'னு பேரு எழுதப்போறியாமே? எழுது, வேணாங்கல. வடக்கத்தி வெள்ளைக்காரன் கும்புட்ட அந்த இடிச்சாமி என்ன வண்டி ஓட்டுனாருன்னு விசாரிச்சியா? ரெண்டு வெள்ளாட்டுக் கெடா பூட்டுன வண்டி! ராத்திரி பசிச்சா அதுகளையே அறுத்துத் தின்னுட்டு, விடியக்காலம் தோலு மேல எலும்பைக் குவிச்சுச் சுத்தியலைத் தூக்கிக் காட்டுவாராம். கெடா எந்திரிச்சு நிக்குமாம். ஒரு பய ஆசைப்பட்டு நல்லி எலும்பை உடைச்சு உறிஞ்சிட்டான், கெடாவுக்குக் காலு நொண்டி. நம்ம பயலுக பந்தியில உக்காந்திருந்தா அந்த வண்டி சமயநல்லூரைத் தாண்டியிருக்காது.

வடக்கம்பட்டி முனியாண்டி பேரு ஊர் ஊரா பிரியாணிக் கடைக்குப் போகலையா? அப்படித்தான் இவரு பேரும் சுத்துது. ரோமாபுரிக்காரன் வியாழனுக்கு வச்சிருந்த கெழமையை வடக்கத்தி வெள்ளைக்காரன் சத்தமில்லாம தன் சாமிக்குப் பட்டா மாத்திட்டான், அதுதான் தர்ஸ்டே. 1829-ல சுவீடன்ல பெர்சிலியஸ்னு ஒருத்தரு புது உலோகத்தைக் கண்டு தோரியம்னாரு. அது எங்க கெடக்குங்குற? நம்ம மணவாளக்குறிச்சிக் கடல் மண்ணுல! 1909-ல ஒரு ஜெர்மன்காரரு, திருவாங்கூர்க் கயித்துல ஒட்டிப்போன மண்ணை வச்சு மோப்பம் புடிச்சாரு. எல்லாம் மேண்டிலுக்குத்தான். பெட்ரோமாக்ஸ் லைட்டுல கட்டுவோமே, அந்தச் சின்ன வலைப்பை. தோரியம் உப்புல முக்கிக் காயவச்சது. பத்தவச்சா நூலு எரிஞ்சு சாம்பக்கூடு மட்டும் நிக்கும்; அதுதான் வெள்ளை வெளேர்னு எரியும். முளைப்பாரி ஊர்வலத்துல நான் தலையில லைட்டு தூக்குனவன். உங்க அப்பத்தா என்னைத் திரும்பிப் பாத்தா, எனக்குக் கல்லு தடுக்குச்சு, மேண்டிலு பொலபொலன்னு கொட்டிருச்சு. இடிச்சாமி பேரு, தும்முனா உதுந்துரும்!

கல்பாக்கத்துல 1996-ல ஒரு குட்டி அணு உலையை ஓடவிட்டாங்க. தோரியத்துலேருந்து வந்த யுரேனியம்தான் அதுக்கு எரிபொருளு. உலை பேரு காமினி. சரக்கு ஆம்பளைச் சாமி, பேரு பொம்பளைப் பேரு. வீட்டுக்கு வீடு அதுதானப்பா.

அப்புறம், பழைய கதையில அவருக்குச் செம்பட்டைத் தாடி. நீ வாங்கியிருக்குற ஸ்டிக்கரு சினிமாக்காரன் மஞ்ச முடி. மாத்திட்டு வா. முன்கண்ணாடியில 'முனியாண்டி துணை' இருக்கட்டும். இவரைப் பின்னாடி ஒட்டிக்க. இன்னொண்ணு: தர்ஸ்டே அவரு சொந்தக் கெழமையாவே இருக்கட்டும், மத்தியானம் ஒன்றரையிலேருந்து மூணு வரைக்கும் ராகு காலம். வண்டிய எடுக்காத.