தூசிமேல பழி போடாதே மாப்ளே

மாப்ளே, நீ வாட்சப்புல பேசி அனுப்புறதையெல்லாம் கேட்டேன். பேச்சு அரை நிமிசம், செருமல் ஒரு நிமிசம். பஞ்சாயத்துல தீர்ப்புச் சொல்லப்போற ஆளுகூட இத்தனை தடவை தொண்டையைச் செருமமாட்டான். என்னடான்னு கேட்டா, "முசஃபா தூசி மாமா, ஏசிக் காத்து"ங்கிற.

நானும் அந்த அபுதாபிச் சனையாவுல, அதான் தொழிற்பேட்டையில, பைப் தூக்கிப் பிழைச்சவன்தான். அந்தத் தூசியைக் குறைச்சுப் பேச எனக்கு வாய் வராது. ஆனா அது டூட்டி நேரத்துலதானே படுத்தணும்? உனக்கு மட்டும் விடியக்காலை மூணு மணிக்கு, ஜன்னல் சாத்தின கேம்ப் ரூமுல, போர்வைக்குள்ள தேடி வந்து தொண்டையைப் பிடிக்குதாமே. ரொம்ப விசுவாசமான தூசிதான்.

சரி, ராத்திரி என்னடா சாப்பிட்டேன்னு கேட்டா சத்தத்தைக் காணோம். நானே சொல்றேன். பத்தரை மணிக்கு மூணு பரோட்டா, எண்ணெய் மிதக்கிற சால்னா, கஃப்தேரியாவுல ஒரு கரக் சாய். பத்தே நிமிசத்துல மேல்கட்டில்ல ஏறி மல்லாந்து, நெஞ்சுமேல ஃபோன்.

என் மக காது மூக்கு தொண்டை வார்டுல நர்ஸு. அவ சொன்னதைச் சொல்றேன். உணவுக்குழாய் வயித்துல சேர்ற இடத்துல ஒரு சுருக்குத் தசை இருக்கு. கொழுப்பு மிகுந்த சாப்பாடு, நிறைஞ்ச வயிறு, சிகரெட்டு, இதெல்லாம் அதைத் தளர்த்திவிடும். படுத்துட்டா வயித்துல இருக்கிற அமிலம் மேல ஏறும். உணவுக்குழாய் கொஞ்சம் தாங்கும், குரல்வளைத் தோலு அவ்வளவு தாங்காது. ஒரு சொட்டு பட்டாலே செருமல், வறட்டு இருமல், கரகரப்பு, ஏதோ உருண்டை மாட்டின உணர்வு.

"எனக்கு நெஞ்செரிச்சலே இல்லையே"ன்னு துள்ளாதே. ஜேமி காஃப்மேன்னு ஒரு அமெரிக்க டாக்டரம்மா 1991-ல 225 நோயாளிகளை ஆராய்ஞ்சு எழுதினாங்க. அதுல நெஞ்செரிச்சலே இல்லாதவங்க நிறையப் பேரு. 2002-ல அவங்களும் கூட்டாளிகளும் 9 கேள்வி வச்சு ஒரு பட்டியல் போட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் 0-லேருந்து 5 வரைக்கும் மார்க்கு. 13-ஐத் தாண்டினா அமிலம்னு சந்தேகப்படலாம்னு கணக்கு. பள்ளிக்கூடத்துல வாங்காத மார்க்கையெல்லாம் நீ இதுல வாங்கிருவ.

அமிலத்தோட பெப்சின்ங்கிற ஒண்ணும் ஏறுது. கறியைச் செரிக்கிற சரக்கு. அது தொண்டையில ஒட்டிக்கிட்டுச் சும்மா கிடக்கும். புளிப்பு வந்து சேர்ந்தா முழிச்சுக்கும். நீ தொண்டைக்கு இதம்னு எலுமிச்சை பிழிஞ்சு சுலைமானி டீ குடிக்கிறியே, யாருக்கு இதம்னு யோசி. அதுக்கும் மேல பெப்பர்மின்ட் மிட்டாய். அந்தச் சுருக்குத் தசையைத் தளர்த்துறதுல அதுக்கும் பங்கு உண்டு.

மூக்கு விசயத்துல மட்டும் உன் கட்சிக்குக் கொஞ்சம் வழி விடுறேன். அமிலம் மூக்கு வரைக்கும் போகுமா, இல்லை நரம்பு வழியா சளியைக் கிளப்புமான்னு டாக்டருங்களுக்குள்ளயே வழக்கு தீரல. மூக்கடைப்பு, தும்மலுக்கு முதல்ல தூசியையும் அலர்ஜியையும் ஏசி ஃபில்டரையும் பாரு. அந்த ஃபில்டரைக் கழட்டிக் கழுவின ஆளை உங்க ரூமுல யாரும் இன்னும் கண்ணால கண்டதில்லையாம். மாஸ்க்கைத் தாடையில மாட்டித் திரியிறதும் போதும்.

கேஸ் மாத்திரையைக் கடலை மாதிரி மெல்லுற பழக்கம் வேற. 2021-ல இங்கிலாந்துல 346 பேருக்குத் தொண்டைத் தொந்தரவுக்குன்னு லான்சோப்ரசோல்ங்கிற அமிலம் குறைக்கிற மாத்திரையையும் மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் பிரிச்சுக் கொடுத்து 16 வாரம் பார்த்தாங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்செரிச்சல் உள்ளவனுக்கு அது நல்ல மருந்துதான், ஆனா டாக்டர் சொல்லி, சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்.

பஸ்ஸு ஏழு மணிக்குக் கொண்டுவந்து விடுது, அப்புறம் துணி துவைக்கணும், சமையல் முறை வரணும், அடுப்புக்கு வரிசை. எல்லாம் தெரியும். கம்பெனி நேரத்தை உன்னால மாத்த முடியாது. வந்ததும் சாப்பிட்டுட்டு அப்புறம் துவையேன்! அழுக்குச் சட்டைக்கு அப்படி என்ன அவசரம்? படுக்கிறதுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல மூணு மணி நேரம் விழணும், அவ்வளவுதான்.

இதுல விளையாட்டு இல்லாத பேச்சு ஒண்ணு. குரல் கம்மி மூணு வாரம் தாண்டினாலோ, சோறு இறங்காம மாட்டினாலோ, ரத்தம் வந்தாலோ, காரணமில்லாம மெலிஞ்சாலோ டாக்டரைப் பாரு. நெஞ்சை இறுக்கி, இடது கை, தாடைக்கு வலி பரவி, வேர்த்துக் கொட்டினா "கேஸ்தான்"னு சோடா வாங்க ஓடாதே. ஆம்புலன்ஸுக்கு 998-ல போன் போடு.

இனி படுக்கைக்கு வருவோம். தலைமாட்டை ஒரு சாண் உசத்தணும். ரெண்டு தலையணை அடுக்கினா கழுத்துதான் மடங்கும், வயிறு நசுங்கும். இடுப்புலேருந்து சரிவா மேலேறணும், இடது பக்கம் சரிஞ்சு படுத்தா இன்னும் நல்லது. செங்கல்லு வைக்க உனக்குத் தரைக்கட்டில் கிடையாது. சனையாவுல பிளைவுட் துண்டுக்கா பஞ்சம்? கார்பென்டர் கடையில கழிச்சுப் போட்டதை வாங்கி, மெத்தைக்கு அடியில சாய்வா ஒரு சட்டம் அடிச்சுப் போடு. கீழ்க்கட்டில்ல இருக்கிற கோழிக்கோட்டுக்காரர்கிட்ட முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிரு. பதினோரு மணிக்குச் சுத்தியலைத் தூக்கினேன்னா, உன் தொண்டையை அமிலத்துக்கு முன்னாடி அவரு பார்த்துக்குவாரு.