லோடு பேலன்சர் வாழ்க!

ஒரே சர்வர் இருந்த காலத்தில் பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிடும். அதில் என்ன சுவாரசியம்? இப்போது முன்னால் ஒரு லோடு பேலன்சர், பின்னால் நாலு சர்வர். லாகும் நாலு இடத்தில். நாம் பார்க்கும் லாகில் மட்டும் எப்போதும் அமைதி.

502 என்றால் பின்னால் இருப்பவர் உளறுகிறார். 503 என்றால் பின்னால் ஆளே இல்லை. 504 என்றால் பதிலே வரவில்லை. மூன்றிலும் முன்னால் நிற்பவர் நிரபராதி!

என்ஜின்எக்ஸ் வழக்கமாக 60 விநாடி காத்திருக்கும். 61-வது விநாடியில் வேலையை முடித்த சர்வர், தன் லாகில் 200 என்று பெருமையாக எழுதிக்கொள்ளும். பயனர் திரையிலோ 504. இருவருமே பொய் சொல்லவில்லை.

ஹெல்த் செக் இன்னும் நாகரிகமானது. சில விநாடிக்கு ஒருமுறை "சௌக்கியமா?" என்று கேட்கும். டேட்டாபேஸ் இணைப்பு அறுந்து கிடந்தாலும் "சௌக்கியம்" என்று பதில் வரும். அதற்குமேல் துருவிக் கேட்பது மரியாதையா?

எல்லாவற்றையும்விட நியாயமானது 'லீஸ்ட் கனெக்‌ஷன்ஸ்' முறை: கையில் வேலை குறைவாக இருப்பவருக்கே அடுத்த வேலை. மூன்று சர்வர்கள் மூச்சுமுட்ட உழைக்கின்றன. பழுதான நாலாவதோ வந்ததையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் 500 என்று திருப்பியனுப்பிவிட்டு ஓய்வாக நிற்கிறது. அதனால் கூட்டமெல்லாம் அங்கேதான் போகிறது.

டாஷ்போர்டில் சராசரி பதில் நேரம் மளமளவென்று இறங்கியிருக்கிறது. மேலாளருக்கு ஒரே பூரிப்பு. மற்ற மூன்றையும் நாலாவதைப் போலவே மாற்றியமைக்கச் சொல்லிவிட்டார்.