வந்தாறுமூலையிலிருந்து ஒரு விலைமனு

பெறுநர்: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, கொழும்பு.

ஐயா / அம்மணி,

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே 16 கிலோமீற்றரில், திருகோணமலை வீதியோரம் இருக்கும் வந்தாறுமூலை மக்கள் தங்கள் சபைக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், ஆகவே அறிவுக்குக் குறைவில்லை. இப்போது போனுக்கும் குறைவில்லை. கடைக்காரர் ஒரு விலையைச் சொல்லி வாய் மூடுமுன் சேர்ட் பொக்கற்றிலிருந்து போன் வெளியே வந்துவிடுகிறது.

2024 டிசெம்பரில் அரிசிக்கு ஆகக்கூடிய சில்லறை விலை வர்த்தமானியில் வந்தது. கிலோ நாட்டரிசி 230 ரூபாய், சம்பா 240, கீரிச்சம்பா 260. அரிசி லொறிக்கு முன்னதாகவே வர்த்தமானி வட்ஸ்அப்பில் ஊர் வந்து சேர்ந்தது. நாட்டரிசிக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. போனை நீட்டியவர்களுக்குக் கடைவாசலில் கிடைத்த பதிலின் சாரம் இதுதான்: “மனே, அது போனில உள்ள விலை. சாக்கில உள்ள விலை வேற.”

இத்தனைக்கும் இது நெல் விளையும் மாவட்டம். இங்கு அறுத்த நெல்லில் ஒரு பங்கு பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய், படம் போட்ட சாக்கில் அரிசியாகத் திரும்பி வரும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாய் உத்தரவாத விலை அறிவித்தது. 120ஐயும் 230ஐயும் ஒரே திரையில் பார்த்த விவசாயி கணக்குப் போட உட்கார்ந்தார். பற்றறி தீரும்வரை போட்டார்.

முறைப்பாடு செய்வதற்கு 1977 என்ற இலக்கத்தைத் தங்கள் சபை தந்திருக்கிறது. நாடு திறந்த பொருளாதாரத்துக்குத் திரும்பிய ஆண்டும் அதுவே. இலக்கத்தைத் தெரிவுசெய்த அதிகாரி பகடிக்காரரா, அப்பாவியா என்பதில் இவ்வூரில் இரண்டு கட்சி.

இலக்கம் இருந்தும் எவரும் ஏன் அழுத்துவதில்லை என்று சபை யோசித்திருக்கலாம். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்ற தனிநபருக்கு ஒரு இலட்சம் ரூபாயிலிருந்து ஐந்து இலட்சம் வரை தண்டப்பணம். நல்ல சட்டம். ஆனால் அந்தக் கடைக்காரரின் கொப்பியில்தான் முறைப்பாட்டாளரின் போன மாதச் சீனியும் பருப்பும் பிள்ளையின் பால்மாவும் எழுதிக் கிடக்கின்றன. பத்து ரூபாய் கூட வாங்கியவரை மாட்டிவிட்டால், அடுத்த மாதம் கடன் கொடுப்பது தங்கள் சபையா? அப்படியொரு பிரிவு கொழும்பில் இயங்குமாயின் விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் அனுப்பி வைக்கவும்.

கடனில்லாதவர்கள் இணையத்தில் வாங்குகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் தராஸிலும் இக்மனிலும் நாலு விலை பார்த்து, கேத்திலுக்கு ஓர்டர் போடுவார்கள். கொழும்பு விலைக்கும் பக்கத்துச் செங்கலடி விலைக்கும் இடையிலுள்ள இலாபத்தை அனுப்புக்கூலி வந்து அமைதியாக எடுத்துக்கொள்ளும். அது தங்கள் குற்றமல்ல, தூரத்தின் குற்றம்.

போனினால் விலை சீர்ப்படாது என்று இவ்வூரார் சொல்லவில்லை. கேரளத்தில் சீர்ப்பட்டிருக்கிறது. 1997 ஜனவரி 14 அன்று வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் சாளை மீனோடு நின்றார்கள். அதே நேரம் 15 கிலோமீற்றருக்குள் வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீனில்லாமல் நின்றார்கள். அந்த ஆண்டிலிருந்து கரையோரத்துக்குக் கைத்தொலைபேசி வரத் தொடங்கியது. மீனவர்கள் கடலிலிருந்தே கரைகளுக்குப் பேசி, விலை உள்ள இடத்துக்குப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் இலாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட கணக்கு இது. அங்கே போனின் மறுமுனையில் பக்கத்துக் கரையின் விலை இருந்தது என்பதைக் கவனிக்கவும்.

இங்கே மறுமுனையில் இருப்பது என்ன? இலங்கை மத்திய வங்கி அன்றாட விலை அறிக்கை வெளியிடுகிறது. மரக்கறிக்குப் புறக்கோட்டை, தம்புள்ளை. அரிசிக்கு மரந்தகஹமுல. மீனுக்குப் பேலியகொடை, நீர்கொழும்பு. மட்டக்களப்பின் 56 கிலோமீற்றர் நீள வாவியில் இரவெல்லாம் வலை போட்டவர், விடியலில் தன் இறாலைக் கேட்கும் வியாபாரியிடம் நீர்கொழும்பு விலையைச் சொல்லிப் பார்க்கலாம். “அப்ப அங்க கொண்டுபோய் வில்லுங்க” என்பார் அவர். ஏறாவூர்ச் சந்தையில் இன்று என்ன விலை என்று அறிய, இன்றும் ஏறாவூருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பொருள்களின் தரத்தோடு விலையையும் நுகர்வோருக்கு அறியத் தருவதைத் தங்கள் சபையின் பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆகவே கோரிக்கை சிறியது. ஏறாவூர், செங்கலடி, மட்டக்களப்பு ஆகிய மூன்று சந்தைகளில் காலையில் ஒருவர் நின்று, அரிசி, மரக்கறி, மீன் விலைகளைத் தமிழில் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பினால் போதும். அவருக்கு மேசை, நாற்காலி, திறப்பு விழா எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
வந்தாறுமூலை நுகர்வோர்

பிரதி: இலங்கை மத்திய வங்கி. பேலியகொடைக்கும் நீர்கொழும்புக்கும் பக்கத்தில் இன்னொரு பத்திக்கு இடமுண்டா என்று அளந்து பார்ப்பதற்காக.